தொட்டியில் முதலில் படுக்க வேண்டியவன்

குளியல் தொட்டிக்கு மேல்பூச்சு போடும் தொழிலில் இருக்கிற தம்பிகள் சிலர் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். நான் வேலையை விட்டு ஊருக்கு வந்த பிறகும் என்னை அதிலிருந்து நீக்கவில்லை. போன மாதம் ஒருவன் கேட்டான்: "அண்ணே, பழைய டப்புல டச்சப் பண்ண எடம் கண்ணுக்கு நல்லாத்தான் கீது. கஸ்டமர் மட்டும் குத்துது குத்துதுன்றாரு. இன்னா பண்றது?" இன்னொருவன், "அண்ணன் வூட்லயே டப்பு வெச்சிக்கினு கீறாரு, அவரையே கேளு" என்று என்னை மாட்டிவிட்டான். என் வீட்டுத் தொட்டியில் நடந்தது அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என் பெயரை இழுத்திருக்க மாட்டான். பெருமையடித்துக்கொள்ள என்னிடம் எத்தனையோ ஹோட்டல் கதைகள் உண்டு. ஆனால் அவன் கேட்டதற்கு அவற்றில் பதில் இல்லை. அதனால் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

நான் உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரன். படிப்பு ஏறவில்லை. காஞ்சிபுரத்தில் பஸ்ஸுக்கு பாடி கட்டும் ஷெட் ஒன்றில் பெயிண்ட் வேலைக்குப் போனேன். பள்ளத்துக்குப் பட்டி வைப்பது, தேய்ப்பது, ஸ்பிரே கன் பிடிப்பது எல்லாம் அங்கே திட்டு வாங்கி வாங்கிக் கற்றதுதான். பிறகு சென்னையில் ஹோட்டல்களுக்கு வேலை எடுத்துச் செய்த கான்ட்ராக்டரிடம் சேர்ந்தேன். அந்தக் காலத்துப் பெரிய ஹோட்டல் குளியலறைகளில் இரும்புத் தொட்டிகள் இருக்கும். மேலே பளபளவென்று வெள்ளை எனாமல் பூச்சு. ஆட்கள் குளித்துக் குளித்து அது மங்கும், சொரசொரக்கும், அங்கங்கே செதில் விடும். தொட்டியைப் பெயர்த்தெடுத்தால் தரையும் டைல்ஸும் கூடவே பெயர்ந்து வரும். அதனால் இருக்கிற இடத்திலேயே தேய்த்து, புதுப் பூச்சு கொடுத்து, மறுநாளே அறையை வாடகைக்கு விடும்படி ஆக்க வேண்டும். அதுதான் எங்கள் வேலை.

அங்கே எங்களுக்குத் தலைவர் ஜான் மேஸ்திரி. பெரம்பூர்க்காரர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. தொட்டியைத் தொடுவதற்கு முன்னால் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவுவார், சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொள்வார், அப்புறம்தான் உள்ளே கால் வைப்பார். யார் வேலையாவது பிடிக்கவில்லை என்றால் ஒன்றும் சொல்லமாட்டார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அந்த இடத்தின் மேல் போர்த்திவிட்டுப் போய்விடுவார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. துண்டு விழுந்த தொட்டியோடு தனியாக நிற்பது கொடுமை.

நான் முதன்முதலில் தனியாகச் செய்து முடித்த தொட்டி, கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில். கண்ணாடி போல இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மேஸ்திரி வந்து பார்த்தார். "சட்டையக் கயட்டு" என்றார். எனக்கு விளங்கவில்லை.

"கயட்டிட்டு உள்ள படு."

"எதுக்கு மேஸ்திரி?"

"நீ பஸ்ஸுக்கு பெயிண்டு அடிச்சவன். பஸ்ஸ ஜனங்க ரோட்ல நின்னு பாக்கும். இதுல ஜனங்க துணி இல்லாம வெறும் முதுகப் போட்டு படுக்கும். கைய நம்பாத. நம்ம கை தின்னர்லயும் வாட்டர் பேப்பர்லயும் செத்துப்போன கை. செஞ்சவன் முதுகுதான் மொதல்ல படணும்."

படுத்தேன். அந்த நேரம் பார்த்து அறை சுத்தம் செய்கிற அம்மா ஒருத்தி கதவைத் திறந்தாள். வெறும் உடம்போடு காய்ந்த தொட்டியில் மல்லாந்து கிடக்கிற என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். வராந்தாவில் நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் துள்ளி எழுந்தேன். மேஸ்திரி என் தோளைப் பிடித்து மறுபடியும் படுக்க வைத்தார். "சிரிக்கட்டும். நாளைக்கு யாரோட கொயந்தையோ இதுல உக்காரும்" என்றார். தோள்பட்டைக்குக் கீழே ஏதோ உறுத்தியது. பட்டிக்குள் மாட்டிய ஒரே ஒரு மணல் துகள். கையால் எத்தனை தடவை தடவினாலும் அகப்படாதது முதுகுக்கு அகப்பட்டது. அன்றிலிருந்து அவர் ஓய்வு பெறும் வரைக்கும் பார்த்திருக்கிறேன், தான் செய்த தொட்டியில் தானே சட்டையைக் கழற்றி, நரைத்த மார்போடு, கோயிலுக்குள் போகிறவர் மாதிரி நிதானமாக இறங்கிப் படுப்பார். யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

எனக்கு அந்த நெஞ்சுரம் வரவே இல்லை. கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் படுப்பேன். ஊரில் என் வேலையைப் பற்றி மூச்சு விடமாட்டேன். மனைவியின் தம்பி கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது யாரோ, "மாமா மெட்ராஸ்ல இன்னா வேலை?" என்று கேட்க, என் இன்னொரு மச்சான், "பாத்ரூம் பாத்ரூமா பூந்து பெயிண்டு அடிக்கிறாரு" என்று சொல்ல, இலைக்கு இலை சிரிப்பு ஓடியது. நான் பாதி இலையில் எழுந்து கை கழுவப் போனேன். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் "ஹோட்டல்ல மெயின்டனன்ஸ்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிடுவேன். கேட்டவர்களுக்கும் அதற்கு மேல் கேட்கத் தோன்றாது.

காலம் மாறியது. ஹோட்டல்கள் தொட்டிகளைப் பெயர்த்துவிட்டுக் கண்ணாடி அடைத்த ஷவர் வைக்க ஆரம்பித்தன. எனக்கும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. வேலையை விட்டேன். கடைசியாக வேலை பார்த்த ஹோட்டலில் கழற்றிப் போட்டிருந்த தொட்டி ஒன்றைக் கேட்டேன். எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள்.

ஆசைக்காகக் கேட்கவில்லை. என் மனைவி கன்னியம்மாளுக்கு முடக்குவாதம். விரல்கள் கோணிவிட்டன, முழங்கால் மடங்காது, காலையில் எழுந்தால் உடம்பு கட்டை. வெந்நீரில் உடம்பு முழுக்க மூழ்கும்படி உட்கார்ந்தால் மூட்டு இளகும் என்று செங்கல்பட்டு டாக்டர் சொல்லியிருந்தார். அது மட்டுமில்லை. அவளால் தானாகக் குளிக்க முடியாமல் போய், ஸ்டூலில் உட்கார வைத்து மருமகள் தேவி தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. தேவி தங்கமான பெண். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் கன்னியம்மாள் தன் தங்கைக்கு முன்னால்கூடப் புடவை மாற்றாதவள். தேவி ஊற்றும்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள் என்று தேவியே என்னிடம் சொல்லி வருத்தப்பட்டாள்.

தொட்டி டெம்போவில் வந்து இறங்கியபோது தெருவே கூடிவிட்டது. "மாட்டுக்குத் தண்ணி காட்டவா?" என்றார் ஒருவர். "நெல்லு ஊறப் போடறதுக்குப்பா" என்றார் இன்னொருவர். கன்னியம்மாள் அதைவிட ஒரு படி மேலே போனாள். "படுக்க வெச்சி குளிப்பாட்றது பொணத்தத்தான். நான் இன்னும் உசுரோட கீறேன்" என்றாள்.

"படுக்க வோணாமே. சாஞ்சி உக்காரு போதும்."

கொத்தனாரை வைத்துத் தொட்டி விளிம்புக்குச் சமமாக ஒரு மேடை கட்டினேன். மேடையில் உட்கார்ந்து, காலை உள்ளே திருப்பி, சுவரில் பதித்த குழாயைப் பிடித்துக்கொண்டே இறங்கலாம், அதே மாதிரி ஏறலாம். பழைய எனாமலைத் தேய்த்து முழுசாகப் புதுப் பூச்சு கொடுத்தேன். வீடு காலியாக இருந்த நாளில் தாழ் போட்டுக்கொண்டு படுத்தும் பார்த்தேன். முதல் நாள் கன்னியம்மாள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வெகு நேரம் கழித்துத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். வந்தவள் சுவரைப் பிடிக்காமல் அடுப்படி வரை நடந்து போனாள். எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. டீக்கடையில் போய் முதன்முதலாக என் தொழிலை வாய்விட்டுச் சொன்னேன். உத்திரமேரூர் சுற்று வட்டாரத்தில் இந்த வேலை தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்றுகூடச் சொன்னேன். கொஞ்சம் ஓவராகத்தான் போனேன்.

சில மாதம் கழித்துத் தொட்டியில் முதுகு சாய்கிற சரிவில் பூச்சு பெயர்ந்திருந்தது. அரச இலை அளவுக்கு இரும்பு தெரிந்தது. கனமாக எதுவோ விழுந்திருக்கிறது. விசாரித்தால், பித்தளைச் சொம்பு. மார்பு வரைக்கும் தண்ணீர் இருக்கிற தொட்டியில் உட்கார்ந்துகொண்டு, சொம்பில் மொண்டு தலையில் ஊற்றியிருக்கிறாள். கோணல் விரல், பிடி நழுவிவிட்டது.

"தொட்டி பூரா தண்ணி கீது, சொம்பு எதுக்குமே?"

"தலையில ஊத்தாம எழுந்து வந்தா அது குளியலா? எருமைதான் அப்பிடிக் குளிக்கும்."

"பிளாஸ்டிக் ஜக்கு வாங்கித் தரேன்."

"எங்கம்மா வூட்டுச் சொம்பு அது" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது.

சரி, டச்சப் வேலைதானே, எனக்கு அது இடது கை வேலை. ஆனாலும் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். கன்னியம்மாள் மூட்டுக்குத் தைலம் தடவுகிறவள். தொட்டி பூராவும் தைலப் பிசுக்கு. சோப்புத் தூள் போட்டுக் கழுவி, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். தண்ணீர் முத்து முத்தாக நின்றால் பிசுக்கு இருக்கிறது என்று அர்த்தம். விரிந்து பரவினால்தான் சுத்தம். பரவும் வரைக்கும் விடாமல் துடைத்தேன். பெயர்ந்த இடத்தின் ஓரத்தில் தூக்கிக்கொண்டிருந்த பூச்சைப் பிளேடால் சீவினேன், கெட்டியாகப் பிடித்திருக்கிற இடம் வருகிற வரை. இரும்பில் இருந்த துருவைச் சுரண்டினேன். தேய்க்கிற வாட்டர் பேப்பரை முரடில் ஆரம்பித்து நைசுக்கு வந்து, பழைய பூச்சு சரிந்து இரும்பில் முடிகிற மாதிரி தேய்த்தேன். இறுக வைக்கிற ஹார்ட்னர் கலந்த பட்டியை மெல்லிசாக வைத்து, காயவிட்டு, தேய்த்து, மறுபடி வைத்தேன். ஜன்னலைத் திறந்து ஃபேனை வெளிப்பக்கம் பார்க்க வைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு பெயிண்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் கொடுத்தேன். நன்றாக இறுகுகிற வரைக்கும் யாரையும் கிட்டே விடவில்லை. கடைசியில் நைஸ் பேப்பரில் நனைத்துத் தேய்த்து, கம்பவுண்ட் போட்டுப் பாலிஷ் ஏற்றினேன். பழையது எது, புதியது எது என்று எனக்கே தெரியவில்லை.

பாக்கி இருந்தது ஒன்றுதான். சட்டையைக் கழற்றிப் படுக்க வேண்டும்.

அன்று எங்கள் வீட்டில் மகளிர் குழுக் கூட்டம். தேவிதான் குழுத் தலைவி. குளியலறைக்கு வெளியே நடையில் பாய் விரித்துத் தெருப்பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பூச்சின் வாடை போக வேண்டும் என்று கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். இத்தனை பெண்கள் முன்னால், இந்த வயதில், தொப்பையும் நானுமாகத் தொட்டிக்குள் மல்லாந்து கிடப்பதா? பந்தியில் கேட்ட சிரிப்பு காதுக்குள் கேட்டது. சாயங்காலம் அவர்கள் போன பிறகு படுக்கலாம் என்றால், கன்னியம்மாள், "ஆச்சா? தண்ணி காய வெக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே வந்து நின்றாள். உள்ளங்கையால் ஒரு தடவை தடவினேன். வழவழவென்று இருந்தது. "ஆச்சு, குளி" என்று சொல்லிவிட்டுக் கதவை மாட்டினேன்.

அதற்கப்புறம் அவளும் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் குளித்தாள். ஒரு நாள் தேவி துணி துவைக்கும் கல்லிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். கையில் கன்னியம்மாளின் ஜாக்கெட். "மாமா, இத்தப் பாருங்க" என்றாள். முதுகுப் பக்கம் ரத்தமும் சீழும் காய்ந்து, துவைத்தும் போகாமல் கறையாக நின்றது. அன்று சாயங்காலமே அவளுக்கு ஜுரம் அடித்தது.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஜாக்கெட்டை விலக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். முதுகில் ஒரே இடத்தில் கீறல் மேல் கீறல். பழையது ஆறுவதற்குள் புதியது. மூட்டு வலிக்கு மாத்திரை தின்று தின்று அவள் தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகியிருந்தது. "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றாள் நர்ஸ். திரைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

"பயப்படாம சொல்லுங்கம்மா. வூட்டுக்காரர் அடிக்கிறாரா?"

"அய்ய, அதெல்லாம் இல்லம்மா. தொட்டி."

"தொட்டியா?"

"குளிக்கிற தொட்டி. அதுல ஒரு எடம் கீறுது."

"அத்த சரி பண்ணக் கூடாதா? ஆளக் கூப்ட்டுக் காட்டக் கூடாதா?"

கன்னியம்மாள் புடவையை இழுத்துப் போர்த்திக்கொள்கிற சரசரப்பு கேட்டது. பிறகு, "ஆளு வூட்லயே கீறாரும்மா" என்றாள்.

மருந்துக்கு வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் என்னையே பார்ப்பது போல இருந்தது. அடித்தவன் என்று நினைத்திருந்தால்கூட நான் நிமிர்ந்து இல்லை என்று சொல்லியிருப்பேன். இதற்கு என்ன சொல்வது? எத்தனை ஹோட்டல், எத்தனை பேருடைய முதுகு, ஒரு புகார் வந்ததில்லை. சொந்த மனைவியின் முதுகைக் கிழித்து வைத்திருக்கிறேன்.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது கேட்டேன். "ஏம்மே சொல்லல?"

"டீக்கடையில பெருமையா பேசிட்டு வந்த. ஊரு சிரிக்குமேன்னு வுட்டுட்டேன்" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் அவளே கேட்டாள். "உன் மேஸ்திரி சொன்னாருன்னு சொல்லுவியே, மொதல்ல நீ படுக்கணும்னு. இந்த வாட்டி படுத்தியா?"

"படுத்தேன்" என்றேன். வாயில் வந்துவிட்டது.

அவள் வெளியே பார்த்துக்கொண்டே, "அப்ப உன் முதுகுல ஏன் ஒண்ணியும் காணம்?" என்றாள்.

ஆட்டோ நின்றதும் காசு கொடுத்துவிட்டு, அவளைக் கைபிடித்து இறக்கினேன்.

புண் ஆறும் வரை பழையபடி ஸ்டூலும் தேவியும். குளியலறையிலிருந்து தேவியின் குரல் மட்டும் கேட்கும். "கைய எடுங்க அத்த. கொஞ்சம் திரும்புங்க அத்த." கன்னியம்மாளிடமிருந்து ஒரு சத்தமும் வராது. நான் தெருப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வேன். அந்த நாட்களில் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஜான் மேஸ்திரி இருந்திருந்தால் தொட்டி மேலே துண்டைப் போட்டிருக்க மாட்டார், என் தலை மேலேயே போட்டிருப்பார்.

தொட்டியைக் காயவிட்டு, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். டச்சப் பண்ணின இடத்தின் மேல் விளிம்பில், பழைய பூச்சும் புதியதும் சேருகிற வரியில், நூலைவிட மெல்லிய ஒரு படி. அவ்வளவுதான். என் உள்ளங்கை அதன் மேல் எத்தனை தடவை போனாலும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒட்டுப் பூச்சை முழுசாகச் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து செய்தேன். இந்தத் தடவை பூச்சை விளிம்போடு நிறுத்தாமல், பழையதின் மேல் வெகு தூரம் கொண்டுபோய் மெலிய மெலியக் கரைத்தேன்.

அது இறுகி முடிந்த அன்றும் குழுக் கூட்டம்தான். நடையில் அதே பாய், அதே பெண்கள். கதவு சுவரில் சாய்ந்திருந்தது. கன்னியம்மாள் தோளில் துண்டும் கையில் சொம்புமாக வந்து நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் நிற்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். பனியனையும் கழற்றினேன். வெளியே பேச்சு நின்றது. மேடையில் உட்கார்ந்து, அவள் இறங்குகிற மாதிரியே குழாயைப் பிடித்து இறங்கிச் சாய்ந்தேன். "இன்னா மாமா, டிரையல் பாக்கறீங்களா?" என்று ஒருத்தி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். காது மடல் வரைக்கும் எனக்குச் சூடு ஏறியது. எழுந்திருக்கவில்லை. அவள் உட்காரும்போது எப்படி வழுக்கி இறங்குவாளோ அப்படி மேலும் கீழுமாக முதுகைத் தேய்த்தேன். இடது பக்கம், அதே வரிக்குக் கொஞ்சம் தள்ளி, ஏதோ இடறியது.

"தேவி, அந்த நைஸ் பேப்பரையும் மக்குல தண்ணியும் குடும்மா" என்றேன்.

தேவி உள்ளே வந்து கொடுத்தாள். தேய்த்தேன். மறுபடி படுத்தேன். மறுபடி தேய்த்தேன். வெளியே சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியாது. முதுகுக்கு ஒன்றுமே தெரியாத வரை படுத்துப் படுத்து எழுந்தேன்.

ஏறி வெளியே வந்து சட்டைக்குக் கை நீட்டினேன். "இரு" என்றாள் கன்னியம்மாள். "திரும்பு."

அத்தனை பெண்கள் பார்க்க, கண்டிப்பான வாத்தியாரிடம் நிற்கிற பையன் மாதிரி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அவள் கோணல் விரல்களை என் முதுகில் வைத்து, தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரைக்கும் மெதுவாகத் தடவிப் பார்த்தாள். எங்கேயோ ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"இங்க செவந்து கீது."

"அது நான் தேய்ச்சதுமே. கீறல் இல்ல."

இன்னொரு தடவை தடவினாள். "இல்லதான்" என்றாள். "கதவ மாட்டு."

கதவை மாட்டினேன். சொம்போடு உள்ளே போனாள். நான் வாங்கி வந்த பிளாஸ்டிக் ஜக்கு மாடத்திலேயே சும்மா கிடக்கிறது. தாழ்ப்பாள் விழுந்தது. தொட்டி நிரம்புகிற சத்தம், அப்புறம் அவள் இறங்குகிற சத்தம். நான் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"வூட்ல வேலை இல்லியா? இன்னும் அங்கியே நின்னுக்கினு இன்னா பண்ற?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பிறகு சொம்புத் தண்ணீர் தலையில் விழுந்தது.